ருசிக்கேற்பச் சர்க்கரை

அம்சவேணியின் முழங்கால் இரண்டும் மடக்கினால் நிமிராமல், நிமிர்த்தினால் மடங்காமல் முரண்டு பிடித்தன. விடியற்காலை நாலரை மணிக்கு அரிவாள்மணையில் உட்கார்ந்தவள். சேனை நாற்பது கிலோ, பூசணி ஐம்பது கிலோ, வாழைக்காய் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. முகூர்த்தச் சாப்பாட்டின் கடைசிப் பந்தி இலை எடுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விரல் இடுக்கெல்லாம் சேனை அரிப்பு. ஆள்காட்டி விரலில் இரண்டு கீறல். காலையில் குடித்த அரைத் தம்ளர் காபிக்கு அப்புறம் வயிற்றுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. சமைக்கிறவர்கள் சாப்பிட வேண்டும், பரிமாறுகிறவர்கள் சாப்பிட வேண்டும், அதற்கப்புறம்தான் நறுக்குகிறவர்களுக்கு இலை. எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. எழுதி வைத்த சட்டத்தை மீறினாலும் மீறலாம், இதை மீற முடியாது.

இலை போட்டு, சாதம் விழுந்து, குழம்புக்காகக் குழி பறித்த நேரத்தில் பின்வாசலில் கார் வந்து நின்றது.

"நறுக்கறவா யாரு? எழுந்து வாங்கோ, பழம் வந்துடுத்து" என்று தலைமைச் சமையல்காரர் பராங்குசத்தின் குரல் கேட்டது.

"சாமி, ரெண்டு வாய் சாப்ட்டு வந்துடறோம்" என்றாள் கங்கையம்மாள். அம்சவேணிக்குப் பக்கத்து மணையில் பன்னிரண்டு வருஷமாக நறுக்குகிறவள்.

"பழம் காத்துண்டிருக்காது."

"நம்ம வயிறு மட்டும் காத்துக்கினு கெடக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கங்கையம்மாள் எழுந்தாள்.

சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் அது. 2003, தை மாதம். பெண் வீட்டார் கோயில் குடும்பம். கல்யாணப் பெண் லக்ஷணா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். காலையில் தாலி கட்டியாயிற்று. சாயங்காலம் ஏழு மணிக்கு வரவேற்பு, அறுநூறு பேர். அந்த வரவேற்பில் ஐஸ்கிரீம் உண்டு. சும்மா ஐஸ்கிரீம் இல்லை, மேலே ஸ்ட்ராபெரி பழம் போட்ட ஐஸ்கிரீம். ஊட்டியிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து காரில் காஞ்சிபுரம் வந்திருந்தது இருபது கிலோ பழம். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் அடுக்கி வைத்த சிவப்பு.

அந்தப் பழத்தை அங்கே இருந்த யாரும் அதுவரை கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

"இன்னாடி இது, சேவக்கொண்டை மாதிரி இருக்குது" என்றாள் கங்கையம்மாள். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயங்கார் கல்யாணச் சமையற்கட்டில் சேவலைப் பற்றிப் பேசக் கூடாது.

"வெதையெல்லாம் வெளியிலயே ஒட்டிக்கினு இருக்குது பாரு, எள்ளு தெளிச்ச மாதிரி" என்றாள் அம்சவேணி.

பெண்ணின் அம்மா தாரா ஒரு காகிதத்தோடு பராங்குசத்திடம் வந்தாள். மகள் கைப்பட எழுதிக் கொடுத்தது. பட்டுப்புடவை மடிசாரில் காலையிலிருந்து ஓடி ஓடி அவள் முகமும் சோர்ந்திருந்தது. "மாமா, இதைக் காய்ச்சப் படாதாம். ஜாம் மாதிரி ஆக்கிடப் படாதாம். பச்சையாவே நறுக்கி, சக்கரை போட்டுப் பிசிறி ஊற வெச்சா, அதுவே ஜலம் விட்டுண்டு பாகு மாதிரி வருமாம். அதை அப்படியே ஐஸ்கிரீம் மேல விடணுமாம்."

"சக்கரை எவ்வளவாம்?"

தாரா காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "ருசிக்கேற்பன்னு போட்டிருக்கா."

பராங்குசம் சிரித்தார். அவருக்கு அறுபது வயது. கோயில் மடப்பள்ளியில் பத்து வருஷம் கைங்கர்யம் செய்துவிட்டுக் கல்யாணச் சமையலுக்கு வந்தவர். மடப்பள்ளியில் எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற பேச்சே கிடையாது. பெருமாள் கண்டருளுவதற்கு முன்னால் மனுஷ நாக்கு முந்தக் கூடாது. அந்தப் பழக்கத்தை அவர் கல்யாண மண்டபத்துக்கும் கொண்டுவந்திருந்தார். நானூறு பேர் சாம்பாருக்கு உப்புப் போட்டுவிட்டு, அண்டாவின் மேல் குனிந்து ஆவியை மூக்கால் இழுப்பார். "இன்னும் ஒரு பிடி" என்பார். அந்த ஒரு பிடி விழுந்தால் சரியாக இருக்கும். முப்பது வருஷத்தில் ஒரு தரம்கூடத் தப்பியதில்லை என்பது அவர் பெருமை. ஊரும் அதை ஒப்புக்கொண்டது. அவர் கோஷ்டியில் வேலைக்குச் சேருகிற யாருக்கும் முதல் நாள் சொல்லுகிற முதல் வார்த்தை: "இங்கே கைக்கும் மூக்குக்கும்தான் வேலை. வாய்க்கு வேலை கிடையாது."

அதே மூக்கை ஒரு பெட்டிக்குள் விட்டார். கண்ணை மூடினார்.

"தேன்னா இது! இத்தனை மதுரமா வாசனை வர்ற பழத்துக்குச் சக்கரை எதுக்கு? கிலோவுக்கு ஒரு பிடி போறும்."

தாரா தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அம்சவேணியும் கங்கையம்மாளும் நறுக்க உட்கார்ந்தார்கள். அரிவாள்மணைக்கு அந்தப் பழம் தோதுப்படவில்லை, நசுங்கியது. அம்சவேணி ஒரு சின்னக் கத்தியை வாங்கிக்கொண்டாள். பச்சைத் தொப்பியைக் கிள்ளி எடுத்து, உள்ளே இருக்கிற வெள்ளை நெஞ்சைக் கத்தி முனையால் தோண்டி, நீளவாக்கில் நாலு துண்டு. அழுத்தக் கூடாது, பிடிக்கவும் கூடாது. விரல் பட்டும் படாமல் இருக்க வேண்டும். அந்தக் கை அவளுக்கு இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரன் கலியாணசுந்தரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து தறிக்குத் தார் நூல் சுற்றின கை, அறுந்த பட்டு இழைக்கு முடி போட்ட கை. இப்போது வீட்டில் தறி சும்மா நிற்கிறது. முதலாளி அடுத்த சேலைக்குப் பாவு நூல் தருகிறேன் தருகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் பராங்குசத்தின் கோஷ்டிக்குக் கையில் எட்டுக் கல்யாணம். அந்த எட்டில்தான் அம்சவேணி வீட்டு அடுப்பு எரிந்தாக வேண்டும்.

மூன்றாவது பெட்டியை நறுக்கும்போது விரல் கீறலில் சாறு இறங்கியது. சுரீரென்று பிடித்துக்கொண்டது எரிச்சல். எலுமிச்சம்பழம் பிழியும்போது எரியுமே, அதே எரிச்சல். மாம்பழம் நறுக்கினால் எரியாது. பலாச்சுளை எரியாது.

"சாமி, இது புளிக்கும்" என்றாள்.

பராங்குசம் திரும்பிப் பார்த்தார். "வாயில போட்டியா?"

"இல்ல சாமி. வெரல் எரியுது."

"விரலுக்கு நாக்கு முளைச்சிருக்கா உனக்கு?" கரண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு அன்னக்கூடைப் பழத்தைத் தம் பக்கம் இழுத்து, தம் கையாலேயே சர்க்கரையைப் பிடி பிடியாகப் போட்டுப் பிசிறினார். "இந்த மாதிரி. மிச்சத்துக்கும் இப்பவே போட்டு மூடி வையுங்கோ. நான் செத்த தலையைச் சாய்ச்சுட்டு வரேன்."

அவர் மாடிக்குப் போன பிறகு இருவரும் நறுக்கினார்கள். ஆறின சாதம் இரண்டு இலையிலும் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏங்கா, ராத்திரி இது புளிச்சிதுன்னா இன்னா ஆவும்?" என்று அம்சவேணி கேட்டாள்.

"இன்னா ஆவும்? வாலாஜாபாத்துல இன்னா ஆச்சி?"

வாலாஜாபாத்தில் போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பாயசம் திரிந்துபோனது. பால் பழசு. ஆனால் தேங்காய் துருவினவள் கை சுத்தமில்லை என்று சொல்லியாகிவிட்டது. அந்தப் பெண்ணைப் பராங்குசம் அப்புறம் எந்த மண்டபத்துக்கும் கூப்பிடவில்லை. பால் வாங்கி வந்தவன் இன்னும் பால் வாங்கி வந்துகொண்டுதான் இருக்கிறான்.

"அப்ப நறுக்குன கைமேலதான் வரும்."

"மூக்கு மேல வருமா? மூக்கு மேல இருக்குதே."

அம்சவேணி ஒரு துண்டை எடுத்தாள். அன்னக்கூடையிலிருந்து இரண்டடி தள்ளிப் போனாள். இடது உள்ளங்கையில் வைத்து, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் வாய்க்குள் போட்டாள்.

மணம் முதலில் ஏமாற்றியது. பல் பட்டதும் கண் தானாக இடுங்கியது. இலந்தைக்காய்ப் புளிப்பு. அடியில் எங்கோ ஒரு இனிப்பு இருந்தது, இருட்டில் வைத்த பொருள் மாதிரி. கை வைத்துத் தேடினால் கிடைக்கும், சும்மா நின்றால் தெரியாது.

"கங்காக்கா, உயிரு போவுது."

"துப்பித் தொலைடி, யாராச்சும் பாக்கப் போறாங்க."

துப்பவில்லை. விழுங்கினாள். கையைக் கழுவினாள். மூன்று தம்ளர் எடுத்து, பத்துப் பத்துத் துண்டாகப் போட்டாள். முதலாவதில் ஒரு கரண்டி சர்க்கரை, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. குலுக்கி மூடி வைத்துவிட்டு நறுக்கப் போனாள். மீதிக் கூடைகளுக்குச் சர்க்கரை போடவில்லை. இப்போதே போட்டு ஏழு மணி வரை வைத்தால் உப்பில் போட்ட மாங்காய் மாதிரி துண்டு சுருங்கி, தண்ணீர்தான் மிஞ்சும் என்று அவளுக்குப் பட்டது. பராங்குசம் பிசிறின கூடையில் அதற்குள் விளிம்பெல்லாம் துவள ஆரம்பித்திருந்தது.

அரை மணி கழித்துத் தம்ளர்களைத் திறந்தாள். சர்க்கரை கரைந்து, அடியில் சிவப்புச் சாறு பளபளத்தது. சாயப் பட்டறையில் அரக்குச் சாயம் முதல் கொதியில் இறங்குகிற நிறம். தனித்தனிக் கரண்டியால் உள்ளங்கையில் விட்டு மூன்றையும் வாயில் போட்டாள். ஒரு கரண்டி போட்டது இன்னும் பல்லைக் கூசியது. மூன்று போட்டதில் பழம் செத்து, சர்க்கரைதான் உயிரோடிருந்தது. இரண்டாவது தம்ளரில் புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று விடாமல் கைகோத்திருந்தன. அதிலேயே நாலு துண்டைக் கரண்டியால் மசித்துக் கலந்தாள். சாறு கெட்டியானது. கரண்டியைத் திருப்பினால் வழுக்கி ஓடாமல் நின்று வடிந்தது. ஐஸ்கிரீம் மேல் நிற்க வேண்டுமே. சரி பார்க்க இன்னொரு தரம் வாயில் விட்டாள்.

"அடிப்பாவி!"

வாசலில் பராங்குசம்.

"எச்சில் பண்ணிட்டியேடி! அவ்வளவையும் எச்சில் பண்ணிட்டியே!"

கத்தின கத்தலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். கரண்டி கழுவுகிற மூன்று பேர், பரிமாறுகிற இரண்டு பேர், ஐஸ்கிரீம் பெட்டி இறக்க வந்த சின்னப்பையன், கங்கையம்மாள். மொத்தம் ஏழு பேர். சின்னப்பையன் என்பது பெயர்தான். ஆளுக்கு ஐம்பது வயது, மீசை நரைத்துவிட்டது.

"கூடையில வாய் வைக்கல சாமி. தனியா எடுத்து, கைல உட்டுத்தான் பாத்தேன். கங்காக்காவைக் கேளுங்க."

"வாயில போட்ட க்ஷணமே எச்சில்தான். இந்தக் கட்டுல முப்பது வருஷமா ஒரு நாக்கு படலை. எல்லாத்தையும் கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டு. நீ இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டாதே."

எட்டுக் கல்யாணமும் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. ஆனால் அம்சவேணி நடந்து போய்க் கூடைகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"கொட்டுங்க. நீங்களே கொட்டுங்க. கொட்டிட்டு ஏழு மணிக்கு அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

"எதிர்த்துப் பேசறியா?"

"ஆமா சாமி, பேசறேன். ருசிக்கேத்த மாதிரி போடணும்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருக்குது. மூக்குக்கேத்த மாதிரின்னு எழுதல. சாம்பாரு உங்க மூக்குக்குத் தெரியும், முப்பது வருசமா மோந்துக்கினு வரீங்க. இந்தப் பழத்தை இன்னைக்குத்தான நீங்களும் பாக்கறீங்க, நானும் பாக்கறேன்? அப்புறம் எப்டி?"

சின்னப்பையன் இருமினான். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"பெருமாளுக்கு முந்தி மனுஷா ருசி பார்க்கறதாவது…"

"ஐஸ்கிரீமைப் பெருமாளுக்குக் காட்டப் போறீங்களா? அது டப்பாவுல வந்து எறங்கிக்கினு இருக்குது. அங்க எவன் நாக்குல எத்தினி வாட்டி பட்டுட்டு வந்துச்சோ, அதைக் கேட்டீங்களா? இல்ல. நான் பாத்தா மட்டும் எச்சிலு." அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை. "எச்சிலப் பத்திச் சொல்றேன் கேட்டுக்குங்க. எங்க வூட்டுத் தறியில இழை அறுந்துச்சின்னா நாக்குல தொட்டு நனைச்சி முறுக்கித்தான் முடி போடறோம். அப்பத்தான் நிக்கும். காத்தால அந்தப் பொண்ணு கட்டிக்கினு தாலி வாங்கிச்சே கூறைப்பட்டு, அதுல எத்தினி முடி இருக்குதோ அத்தினி எச்சிலு இருக்குது. உங்க கோயில்ல சாத்தற பட்டும் எங்க தெருவுலேருந்துதான் போவுது. அதைப் போயி உருவிச் சாக்கடையில கொட்டுங்க, நானும் இதைக் கொட்டறேன்."

கங்கையம்மாள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வந்த தாரா கதவண்டை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. கட்டியிருந்த பட்டை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"என்ன மாமா?"

"இவ ருசி பார்த்துட்டா."

"ஆமாம்மா, பாத்தேன்" என்றாள் அம்சவேணி. "புளிக்குது. அய்யிரு போட்ட சக்கரை பத்தல. அந்தக் கூடையில அவரு கையால போட்டது இருக்குது, அதை யாரும் தொடல. இந்தத் தம்ளர்ல நான் போட்டது. கரண்டி கழுவின கரண்டி."

தாரா யோசித்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் பராங்குசம் பிசிறினதைக் கொஞ்சம் வாங்கி அண்ணாந்து போட்டுக்கொண்டாள். முகம் சுருங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது. தண்ணீர் குடித்தாள். பிறகு தம்ளரைக் காட்டி, "அதையும் விடு" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

போட்டுக்கொண்டு மென்றாள். எல்லாரும் அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பராங்குசத்தைப் பார்க்கவில்லை, அம்சவேணியைப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் இப்படியே போட்டுடு" என்றாள். போய்விட்டாள்.

அம்சவேணி ஐந்தரை மணிக்குச் சர்க்கரையை எடைபோட்டுச் சேர்த்தாள். ஒரு கிலோ பழத்துக்குக் கால் கிலோவை விடக் கொஞ்சம் கம்மி. ஐந்தில் ஒரு பங்கை மசித்துக் கலந்தாள். பராங்குசம் பிசிறின கூடைக்கும் விட்டுப்போன சர்க்கரையைச் சேர்த்து, துவண்ட துண்டுகளையெல்லாம் மசிக்கிற பங்கில் தள்ளிவிட்டாள். ஒன்றும் வீணாகவில்லை. பராங்குசம் அவள் பக்கமே வராமல் பூரிக்கு மாவு உருட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

ஏழரைக்கு ஐஸ்கிரீம் மேஜையில் நெரிசல். கிழவர்கள்கூடக் கிண்ணத்தை இரண்டாம் தரம் நீட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருத்தி சமையற்கட்டுக்கே வந்து, "யார் போட்டது இது, அளவு சொல்லுங்கோ" என்று கேட்டாள்.

"எல்லாம் பெருமாள் கிருபை. கை அளவுதான்" என்றார் பராங்குசம்.

அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்த அம்சவேணிக்கு அது கேட்டது. எழுந்து வந்தாள். "அளவு நான் சொல்றேம்மா" என்று சொல்லிக் கொடுத்தாள். மாமி கையிலேயே எழுதிக்கொண்டு போனாள்.

கூலி கொடுக்கும்போது பராங்குசம் முழுசாகக் கொடுத்தார். மேலே ஒரு தேங்காய்ப் பை, லட்டு நாலு. "நாளன்னிக்கு செவிலிமேட்டுல கல்யாணம். வந்துடு" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

"தலைகாட்டாதேன்னு சொன்னீங்களே."

"ஏதோ கோபத்துல சொல்றதுதான்."

"அது போவட்டும் சாமி. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்க. எச்சிலுன்னு. ஏழு பேரு கேட்டாங்க. அது எச்சில் இல்லன்னு அதே ஏழு பேரு கேக்கச் சொல்லிடுங்க. நான் வரேன்."

"அதிகமாப் பேசறே நீ."

"சரி, பேசல. வரவும் வரல."

லட்டைத் திருப்பி மேஜைமேல் வைத்துவிட்டுக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அது அவள் முட்டியின் விலை, அதை விட முடியாது.

செவிலிமேட்டுக்கு அவள் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் காலை வேளைக்கு இட்லி மாவு ஆட்டப் போனாள், கூலி பாதிதான். கலியாணசுந்தரம் ஒரு நாள், "ஒரு வார்த்தைக்காகவா இவ்ளோ?" என்று கேட்டான். "ஒரு வார்த்தைதான? அவரு சொல்லிட்டுப் போவட்டுமே" என்றாள். அவன் அப்புறம் கேட்கவில்லை.

மாசி மாதக் கடைசியில் பராங்குசமே பிள்ளையார்பாளையத்துக்கு வந்தார், குடையும் கையுமாக. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கல்யாணம். லக்ஷணா கல்யாணத்தில் சாப்பிட்டவர்களாம். அதே ஸ்ட்ராபெரி வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் கோஷ்டியில் மூக்கை நம்பி அதைச் செய்ய யாரும் தயாரில்லை. நாக்கை நம்பிச் செய்ய யாருக்கும் தைரியமில்லை.

"தனியா ஒரு மேடை போட்டுத் தரேன். நீ ருசி பாரு, என்ன வேணாப் பண்ணு. நான் அந்தப் பக்கம் வரலை" என்றார்.

"மேடை வேணாம் சாமி. சொன்னீங்களா?"

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தறிக்குழிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இங்க சொல்லிடறேனே" என்றார்.

"இங்க யாரு கேட்டாங்க அதை? இங்க எனக்கும் என் வூட்டுக்காரருக்கும் தெரியும். கட்டுல சொன்னீங்க, கட்டுலதான் சொல்லணும். கங்காக்கா இருக்கணும், சின்னப்பையன் இருக்கணும், அந்த அஞ்சு பேரும் இருக்கணும். ஒரு நிமிசம் ஆவாது."

"பெரியவா யாரும் இந்த மாதிரி…"

"பெரியவங்கதான் முதல்ல சொல்லணும்."

அவர் குடையை விரித்து வெயிலில் இறங்கித் தெருமுனை வரை போனார். அம்சவேணி உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள்.

அந்தக் கல்யாணத்தில் ஐஸ்கிரீமுக்கு மேலே பாட்டில் ஜாம் ஊற்றினார்கள் என்று கங்கையம்மாள் வந்து சொன்னாள். மெஸ்ஸில் கூலி இன்னும் பாதிதான். பாவு இன்னும் வரவில்லை. பராங்குசம் அம்சவேணிக்கு ஏழு பேர் முன்னால் சொல்ல வேண்டிய 'அது எச்சில் இல்லை' என்ற ஒரு வாக்கியம் இன்னும் பாக்கி.